முதல்ல எடுத்த வசனம்

இங்கன உக்காரு பிள்ள. பெஞ்சு காலியாத்தான கெடக்கு. கண்ணத் தொடச்சிக்கோ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வார்டுக்குள்ள நீ போட்ட சத்தம் இந்த வராந்தா முச்சூடும் கேட்டுச்சு, அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? ‘அந்தப் பேச்ச எடுக்காதீங்க, எடுத்தா நான் எந்திச்சிப் போயிருவேன்’னு ஒன் வீட்டுக்காரர்கிட்ட கத்துனியே, அது என் வார்த்தை. ஒரு எழுத்து மாறாம நான் சொன்ன வார்த்தை. அதான் கூப்பிட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்காரி இல்ல. எங்க சபைப் பொம்பளைங்க புதன்கிழமை தோறும் இங்க வந்து, படுக்கை படுக்கையாப் போயி ஜெபம் பண்ணி, ஆளுக்கு ஒரு பன்னும் ஒரு டம்ளர் பாலும் குடுப்போம். அந்தா கரை வச்ச வெள்ளச் சேலையில கூட்டமா நிக்காவ பாரு, அவியதான். பன்னுப் பையத் தூக்கிட்டு வாறது என் வேலை. வார்டுக்குள்ள மட்டும் நான் போறதில்ல. பையக் குடுத்துட்டு இந்தப் பெஞ்சுல இருந்துக்குவேன். ஏன்னு நீ கேக்கல. கேக்காட்டாலும் நான் சொல்லத்தான் போறேன்.

நெத்தியில குங்குமம் வச்சிருக்க. எங்க பழக்கவழக்கம் ஒனக்குத் தெரியாது. வெளக்கமாவே சொல்லுதேன்.

எம்பேரு கிருபாவதி. எங்க வீட்டு அவிய, அதான் எம்புருஷன், பேரு அருமைநாயகம். கவர்மெண்டு பஸ்ல முப்பத்தோரு வருஷம் டிரைவர். டிரைவர்னா வாய் நீளும்பாவ, இவிய அதிர்ந்து பேச மாட்டாவ. கொழம்புல உப்பு இல்லன்னா, ‘இன்னைக்கு உப்புக் கடை லீவோ?’ம்பாவ. அவ்வளவுதான் கோவம். ஆனா ஒரு பிடிவாதம் உண்டு. சொல்லாம படி எறங்க மாட்டாவ. விடிகாலை டூட்டின்னாலும் என்ன எழுப்பி, ‘கிருபா, போயிட்டு வாரேன்’னு சொல்லி, நான் பதிலுக்கு ஒரு ‘ம்’ சொன்னாத்தான் செருப்ப மாட்டுவாவ. எத்தன நாள் எரிஞ்சு விழுந்திருக்கேன் தெரியுமா? ‘நீங்க போறதுக்கு நான் எதுக்கு முழிக்கணும்’னு. எரிஞ்சு விழுந்தா சிரிப்பாவ. சிரிச்சிக்கிட்டே நிப்பாவ.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர்ல வயித்து வலின்னு படுத்தாவ. கணையத்துல கட்டி, ஈரலுக்கும் பரவியாச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ‘வைத்தியம்னு பெருசா ஒண்ணும் இல்ல. வலி தெரியாம வச்சிக்கிடலாம். ஆறு மாசம். நல்லாப் பேசிக்கிட்டு சந்தோஷமா இருங்க’ன்னாரு. அவிய கையெடுத்துக் கும்பிட்டு, ‘நல்லது சார்’னாவ. நான் சும்மா இருப்பேனா? ‘ஆயுசு ஒங்க கையில இல்ல டாக்டர், அது கர்த்தர் கையில இருக்கு’ன்னு நறுக்குன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அன்னைக்கு அப்படிப் பேசுனதுல எனக்கு இப்பவும் பெருமைதான். பொய் சொல்ல மாட்டேன்.

இப்ப எங்க பழக்கத்தக் கேளு. ஜனவரி ஒண்ணு, வருஷப் பிறப்பு அன்னைக்குக் காலைல ஆராதனை முடிஞ்சதும் கோயில்ல ஒரு பெரிய தட்டு நெறைய சீட்டு வச்சிருப்பாவ. சீட்டுக்கு ஒரு வேத வசனம். எல்லாம் கவுந்து கெடக்கும். கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு ஒண்ணு எடுக்கணும். அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குன்னு குடுக்க வாக்கு அது. வாக்குத்தத்தம்னு சொல்லுவோம். கல்யாணம் தெகையாத பிள்ளைக்கு, மடி காலியா இருக்கவளுக்கு, வெளிநாடு போக நிக்கவனுக்கு, எல்லாருக்கும் அந்தத் தட்டுக்கிட்ட போனதும் ஜெபம் நீண்டுக்கிட்டே போவும். நீங்க சாமி முன்னால பூப்போட்டுப் பாப்பீங்கல்லா, அது மாதிரி. எங்க ஐயரு காதுல விழுந்தா என்ன வெரட்டுவாரு. குருவானவர நாங்க ஐயருன்னுதான் கூப்பிடுவோம். அவரு என்ன சொன்னாலும் சரி, பூப்போட்டுப் பாக்க மாதிரிதான்.

வர முடியாதவங்களுக்கு வீட்டு ஆளு எடுக்கலாம். அவியளுக்கு அன்னைக்கு எந்திக்க முடியல. அதனால எனக்கு ரெண்டு சீட்டு. ‘ஆண்டவரே, மொதல்ல அவியளுக்கு எடுக்கேன்’னு வாய் விட்டே சொல்லி எடுத்தேன். தூணோரமா ஒதுங்கி நின்னு திருப்பிப் பாத்தேன். பிதாவோட வீட்டுல நெறைய இடம் இருக்கு, ஒனக்கு ஒரு இடத்த ஆயத்தம் பண்ணப் போறேன்னு இயேசு சொல்லுதாருல்லா, அந்த வசனம்.

ஒனக்குப் புரியாது. கேக்கதுக்கு நல்லாத்தான இருக்குன்னு நெனப்ப. எங்கள்ல அது சாவு வீட்டு வசனம் பிள்ள. பெட்டியத் தூக்குமுன்ன வாசிப்பாவ. கல்லறைக் கல்லுல வெட்டி வைப்பாவ. இந்த உலகம் வாடகை வீடு, பரலோகந்தான் நெலையான வீடு, அங்க போயி எல்லாரும் ஒண்ணாச் சேருவோம்னு அத வச்சித்தான் பிரசங்கம் பண்ணுவாவ. நானும் எத்தன சாவு வீட்டுல, எத்தன பொம்பளைங்க கையப் பிடிச்சிக்கிட்டு அந்த வசனத்தச் சொல்லியிருக்கேன். அழாதீங்கன்னு அதட்டியிருக்கேன். நல்ல வசனந்தான், அடுத்த வீட்டுக்கு.

தட்டுக்கிட்ட திரும்பப் போனேன். எனக்குன்னு எடுக்க வேண்டியது பாக்கி இருக்குல்லா. எடுத்தேன். நீ சாக மாட்டே, பொழைச்சிருந்து கடவுள் செஞ்சத எல்லாருக்கும் சொல்லுவேன்னு வருது. எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்துட்டு. யாருக்கு எதுன்னு சீட்டுல பேரா எழுதியிருக்கு? ரெண்டு ஆளு, ரெண்டு சீட்டு. நான் மாத்திக்கிட்டேன். எனக்கு வந்தத அவியளுக்குக் குடுத்தேன். இதுல களவு எங்க இருக்கு, சொல்லு பாப்போம்? எம்பொருளத்தான குடுத்தேன்?

மொதல்ல எடுத்தத கிழிச்சுப் போட மனசு வரல. வேத வசனம்லா. என் பைபிளுக்குள்ள, இன்னார் இன்னாரைப் பெத்தான்னு வரிசையாப் பேராவே வருமே, ஒருத்தரும் வாசிக்காத பக்கம், அதுல சொருகி வச்சேன்.

வீட்டுக்கு வந்து அவிய கையில சீட்டக் குடுத்தேன். ரெண்டு தரம் வாசிச்சாவ. ‘ஒனக்கு என்ன வந்துச்சு?’ன்னு கேட்டாவ. ‘கர்த்தர் என் மேய்ப்பன்னு வருமே, அந்த வசனம்’னேன். ‘வருஷா வருஷம் ஒனக்கு மேய்ப்பன்தானா? ஆடு மாறவே இல்லையா?’ன்னு சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அதான் நான் அவியகிட்ட சொன்ன மொதப் பொய்யின்னு நெனைக்கேன். கடைசி இல்ல.

இரு, நீ என்னமோ சொல்ல வார. நான் முடிச்சிருதேன். நடுவுல விட்டா பொறவு எனக்குச் சொல்ல வராது.

அந்தச் சீட்டப் பெருசா எழுதச் சொல்லி, கண்ணாடித்தாள் ஒட்டி, படுக்கைக்கு எதுத்த செவத்துல மாட்டுனேன். பாக்க வாறவங்க எல்லாரும் அத மொதல்ல சத்தமா வாசிக்கணும், பொறவுதான் காப்பி. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். ‘அவநம்பிக்கைய எங்க வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க’ம்பேன். நல்ல வீராப்புல இருந்தேன் பிள்ள. அவிய நாளுக்கு நாள் குச்சியாப் போறாவ, நான் ‘நேத்தைக்கு இன்னைக்கு மொகம் தெளிஞ்சிருக்கு’ங்கேன். வேட்டி இடுப்புல நிக்கல, கயிறு போட்டுக் கட்டி விட்டுட்டு, ‘பழைய சட்டை எல்லாம் இனி சரியா இருக்கும் ஒங்களுக்கு’ங்கேன்.

எங்களுக்கு ஒரே மக, பியூலா. பெங்களூருல இருக்கா. அப்பாவப் பாக்கணும்னு மார்ச்சுல இருந்தே சொன்னா. ‘ஈஸ்டருக்கு வா, அதுக்குள்ள எந்திச்சி நடந்துருவாவ. இப்ப நீ அழுத மொகத்தோட வந்து நின்னா அவிய தைரியம் போயிரும்’னேன். ஈஸ்டர் வந்துச்சு. ‘பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டும், லீவுக்கு வா, எல்லாருமா கன்னியாகுமரி போவோம்’னேன். போன்ல அவியகிட்ட ரொம்ப நேரம் பேச விட மாட்டேன். ‘அப்பா, வலிக்காப்பா?’ன்னு கேட்டுருவா. கேட்டா அவிய உண்மையச் சொல்லிருவாவ.

ஐயரு ஒரு நாள் வீட்டுக்கே வந்தாரு. கோயிலுக்கு வர முடியாதவங்களுக்கு நற்கருணை, அதான் அப்பமும் ரசமும், வீட்டுல வந்து குடுப்பாவ. அதுக்குண்டான சின்னப் பெட்டியக் கையில வச்சிருந்தாரு. அந்தப் பெட்டியப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ‘அது சாகப் போறவங்களுக்குக் குடுக்கது ஐயரே. எங்க வீட்டு அவிய கோயிலுக்கு நடந்து வந்து, முழங்கால் போட்டு வாங்குவாவ’ன்னேன். ‘அம்மா, அவுங்க கேட்டு அனுப்பித்தான் நான் வந்தேன்’னாரு. யாரு மூலமாக் கேட்டு அனுப்புனாவன்னு எனக்கு அன்னைக்குத் தோணல. ‘ஜொரத்துல எதாவது சொல்லியிருப்பாவ’ன்னு சொல்லி, ஒரு டம்ளர் மோரக் குடுத்து அனுப்பிட்டேன். உள்ள கட்டில்ல அவிய முழிச்சித்தான் இருந்தாவ. எல்லாம் கேட்டிருக்கும்.

இதெல்லாங்கூட நான் தாங்கிக்கிடுவேன். இனிச் சொல்லப் போறதுதான் பிள்ள.

அவிய ஒரு பேச்ச எடுப்பாவ. ‘கிருபா, நாம பாபநாசத்துல வீடு மாறுனது ஞாபகம் இருக்கா?’ம்பாவ. அவ்வளவுதான் சொல்லியிருப்பாவ. கொரல் இருக்க இருப்புலயே எனக்குத் தெரிஞ்சிரும், இது சும்மா பழங்கதை இல்ல, எதோ கடைசிப் பேச்சுக்குப் பாதை போடுதாவன்னு. ‘அந்தச் சவத்துப் பேச்ச இப்ப எதுக்கு எடுக்கீய? கஞ்சியக் குடிங்க’ம்பேன். நாலு நாள் கழிச்சு, ‘கிருபா, பாபநாசம் வீடு...’ன்னு ஆரம்பிப்பாவ. ‘கொஞ்சம் எந்திச்சி உக்காரப் பாருங்க’ம்பேன். ஒரு நாள் என் கையக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டாவ. ‘ஒரே ஒரு வார்த்தை கேளு கிருபா. நான் முன்னால போனா...’ன்னாவ. கைய ஒதறிக்கிட்டு எந்திச்சேன். ‘அந்தப் பேச்ச எடுக்காதீங்க. எடுத்தா நான் எந்திச்சிப் போயிருவேன்’னு கத்துனேன். செவத்துல இருக்க வசனத்தக் காட்டி, ‘இத வாசிங்க. வாசிங்க சத்தமா’ன்னேன். வாசிச்சாவ. கொழந்தப் பிள்ள பாடம் ஒப்பிக்க மாதிரி, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, சாக மாட்டேன் பொழைப்பேன்னு எனக்காக வாசிச்சாவ. அதுக்குப் பொறவு அந்தப் பேச்ச அவிய எடுக்கவே இல்ல. நான் செயிச்சிட்டேன்னு நெனச்சேன்.

கோட்டிக்காரி. நான் ஒரு புத்தி கெட்ட கோட்டிக்காரி பிள்ள.

ஜூன் மாசம். வெள்ளிக்கிழமை. மத்தியானம் கோயில்ல உபவாசக் கூட்டம். யாராவது எந்திச்சி, கடவுள் தனக்குச் செஞ்ச நன்மையச் சாட்சியாச் சொல்லணும். அன்னைக்கு என்னச் சொல்லச் சொன்னாவ. ‘ஆறு மாசம்னு டாக்டர் கெடு வச்சாரு, ஏழு மாசம் தாண்டிட்டு’ன்னு மைக்கப் பிடிச்சிச் சொல்லுதேன், பொம்பளைங்க எல்லாம் கை தட்டுதாவ. சிலபேரு அழுதாவ. எனக்குக் கொரல் ஏறிக்கிட்டே போவுது. நான் நல்லாப் பேசுவேன், பொதுவா எல்லாரும் சொல்லுவாவ. அந்நேரம் கோயில் மணி அடிக்கவரு பக்கவாசல் வழியா உள்ள வந்து, மேடைக்குக் கீழ நின்னு என்னப் பாத்தாரு. ‘இருங்க’ன்னு கையக் காட்டிட்டு நான் பாட்டுக்குப் பேசுனேன். இன்னும் நாலஞ்சு நிமிசம் பேசியிருப்பேன். முடிச்சிட்டு எறங்குன பொறவுதான் சொன்னாரு.

பக்கத்துல இருந்தது ஒரே ஆளுதான். இசக்கிமுத்து. அவியகூடப் பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில கண்டக்டரா ஓடுன தம்பி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து மொகம் வழிச்சி விட்டு, பேப்பர் வாசிச்சிக் காட்டிட்டுப் போவாரு. அவியள அண்ணாச்சின்னும் என்ன மதினின்னும் கூப்பிடுவாரு. நெத்தி நெறைய திருநீறு. நல்ல மனுஷன்தான். அவரு இருக்காரேன்னு தைரியத்துலதான் நான் கோயிலுக்குப் போனேன். நான் போயிப் பாக்கும்போது அவிய கண்ண அந்தத் தம்பி மூடி விட்டிருந்தாரு.

பியூலா மறுநாள் காலைல வந்து எறங்குனா. பெட்டிக்கிட்ட நின்னு அப்பாவப் பாத்தா. பொறவு என்னப் பாத்தா. ‘அப்பாவ எங்கிட்டருந்து ஒளிச்சி வச்சிட்டியேம்மா’ன்னா. எல்லார் முன்னாலயும். பெத்தவகிட்ட இப்படியா பேசுவா? இப்ப ஞாயித்துக்கிழமை தோறும் போன் பண்ணுவா. மழை உண்டான்னு கேப்பா, மாத்திரை போட்டியான்னு கேப்பா. அப்பாங்க வார்த்தை மட்டும் எங்க ரெண்டு பேர் பேச்சுலயும் வராது.

அடக்கம் முடிஞ்சி ஒரு மாசம் இருக்கும். இசக்கிமுத்துத் தம்பி வந்தாரு. உக்காரச் சொன்னேன், உக்காரல. ‘மதினி, இத ஒங்ககிட்ட சொல்லச் சொல்லி அண்ணாச்சி சொல்லல. சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாவ. ஆனா எனக்குத் தூக்கம் இல்ல. எறக்கி வச்சிருதேன்’னாரு.

ஏப்ரல் மாசம் நான் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், அவிய இந்தத் தம்பிய பைபிள் எடுத்து வாசிக்கச் சொல்லியிருக்காவ. என் பைபிள்தான் பெரிய எழுத்து. அத எடுத்திருக்காரு. அவருக்கு எது எங்க இருக்குன்னு என்ன தெரியும்? ஒருத்தரும் பொரட்டாத பக்கமாப் பாத்துப் பொரட்டியிருக்காரு. சீட்டு அவிய மடியில விழுந்துட்டு.

வாசிச்சுப் பாத்துட்டு அவிய செவத்துல இருக்க வசனத்த நிமிந்து பாத்தாவளாம். பொறவு சிரிச்சாவளாம். ‘ஏல இசக்கி, இவ மாத்திட்டா பாத்தியா? இது எனக்கு வந்தது. சாவாம இருக்கணும்னு வந்தது அவளுக்குல்லா. அவ இருக்கட்டும். அவ ரொம்ப நாள் இருக்கட்டும். எனக்கு வந்தத நான் வச்சிக்கிடுதேன்’னு சொல்லி, தலகாணி உறைக்குள்ள வச்சிக்கிட்டாவளாம். ‘அவகிட்ட மூச்சு விட்டுராத. எனக்காக ஒத்தையில நின்னு மல்லுக்கட்டுதா, அவ கை தளந்துரக் கூடாது’ன்னாவளாம். பெட்டிக்குள்ள அவியளக் கெடத்துனப்ப, சட்டைப் பையில அந்தச் சீட்ட வச்சது நாந்தான் மதினின்னாரு தம்பி. ஐயரக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்புனதும் அந்தத் தம்பியத்தான்.

தெரிஞ்சிருக்கு பிள்ள. ரெண்டு மாசமா எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிக்கிட்டுத்தான் நான் ‘வாசிங்க’ன்னதும் வாசிச்சிருக்காவ.

நான் கேட்டேன், ‘பாபநாசம் வீட்டப் பத்தி எதாவது சொன்னாவளா தம்பி?’ன்னு. ‘சொன்னாவ மதினி’ன்னாரு.

அதுக்கு நீ ஒரு விசயம் தெரிஞ்சிக்கிடணும். டிரைவர் உத்தியோகம்னா டிப்போ டிப்போவா மாத்துவாவ. ஏழு வாடகை வீடு பாத்தாச்சு. எனக்குப் புது வீடுன்னா ஆகாது. ரொம்ப நாள் பூட்டிக் கெடந்த வீட்டோட இருட்டும் வாடையும், சன்னலுக்கு அந்தப் பக்கம் யாருன்னே தெரியாத ஊரும்... வாசல்லயே நின்னுருவேன். சாமான் எல்லாம் வண்டியில இருக்கும், நான் தெருவுல நிப்பேன். பாபநாசத்துல அழுதே போட்டேன். அவியதான் எப்பவும் முன்னால போவாவ. சன்னலத் தெறந்து விட்டு, லைட்டப் போட்டு, மூலைக்கு மூலை பூச்சி பொட்டு கெடக்கான்னு பாத்துட்டு, வாசலுக்கு வந்து, ‘வா கிருபா, நம்ம வீடுதான்’ம்பாவ. அவிய சொன்ன பொறவுதான் நான் காலெடுத்து வைப்பேன். ஏழு வீட்டுக்கும் அப்படித்தான்.

இசக்கிமுத்துகிட்ட சொல்லியிருக்காவ. ‘ஏல, சாவுக்கு எனக்குப் பயமில்ல. எங்க போறேன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் புது வீடுன்னா பயம். நான் வழக்கம் போல முன்னால போறேன், எல்லாத்தையும் பாத்து வச்சிட்டு வாசல்ல வந்து நிப்பேன், நீ அவசரமில்லாம மெதுவா வான்னு அவகிட்ட சொல்லணும். பாபநாசம் வீட்ட வச்சித்தான் ஆரம்பிக்கேன். அவ சொல்ல விட மாட்டேங்கா’ன்னு.

இவ்வளவுதான். அவிய சொல்ல வந்தது இவ்வளவுதான். நான் என்னமோ அவிய அழுவாவன்னு நெனச்சேன். என்னச் சுமக்க முடியாத ஒண்ணச் சுமக்கச் சொல்லுவாவன்னு பயந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்காவ. படுத்துக் கெடந்த மனுஷன், எந்திச்சித் திரிஞ்சவளுக்கு.

முப்பத்தோரு வருஷம் சொல்லாம படி எறங்காதவங்களச் சொல்லாமப் போக வச்சிட்டேன்.

அந்தத் தம்பி மேல எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஒரு வாய் காப்பி குடுக்காம அனுப்பிட்டேன். எம்புருஷன் எனக்குன்னு வச்சிருந்த பேச்சு. பரலோகத்தப் பத்தின பேச்சு. அத எங்க வேதத்துல ஒரு வரி தெரியாத ஒருத்தர் காதுல போட்டுட்டுப் போயிருக்காவ. அவரு வாயால, ஆறிப் போன பொறவு நான் கேக்கேன். இப்பவும் அவரு தெருவுல வந்தா நான் உள்ள போயிருவேன். என்ன பண்ணச் சொல்லுத? அவரப் பாத்தா, கட்டில் பக்கத்துல இருந்த அந்த நாற்காலிதான் எனக்குத் தெரியுது. அவரு உக்காந்து கேட்ட நாற்காலி. நான் ஒரு நாளும் அதுல உக்காந்ததில்ல. எனக்கு வேலை இருந்துக்கிட்டே இருந்துச்சு. இந்த வார்டுக்குள்ள நான் போகாததும் அதனாலதான், கட்டிலுக்குக் கட்டில் அப்படி ஒரு நாற்காலி கெடக்கு.

நம்பிக்கை போயிட்டான்னு கேக்கியா? போகலையே. அதுதான சங்கடம். அவிய அங்க இருக்காவன்னு எனக்குச் சந்தேகமே கெடையாது. இல்லன்னு நெனைக்க முடிஞ்சா அழுது தீத்துட்டு இருந்திருவேன். இருக்காவ. நல்ல வெளிச்சமான வீட்டுல இருக்காவ. நான் அங்க போகணும். போயி அவிய மொகத்தப் பாக்கணும்.

ஐயர்கிட்ட கேட்டேன். ‘அங்க போனா நாங்க புருஷன் பொண்டாட்டியாத்தான இருப்போம்?’னு. ‘இல்லம்மா, அங்க அந்த உறவெல்லாம் கெடையாது, எல்லாரும் தேவதூதர் மாதிரி’ன்னு சொன்னாரு. பாவம், உள்ளதச் சொன்னாரு. ‘அப்ப நான் யாராப் போயி அவிய முன்னால நிக்க?’ன்னு கேட்டேன். இன்னொண்ணும் கேட்டேன். ‘அங்க கண்ணீரே இருக்காதாமே ஐயரே, எல்லாத்தையும் தொடச்சிருவாராமே. எனக்கு அவியகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்கு. அழாம அத எப்படிக் கேக்கது?’ன்னேன். ஐயரு கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. ‘ஜெபம் பண்ணுவோம்மா’ன்னாரு. ஜெபம் பண்ணுனோம்.

செவத்துல இருந்த வசனம் இன்னும் அங்கதான் இருக்கு. சாக மாட்டே, பொழைச்சிருப்பேங்கது. அது எனக்குன்னு தெரிஞ்ச பொறவு அத ஏறிட்டுப் பாக்க முடியல. எடுத்துப் போடவும் முடியல. அறுபத்தி ஒம்போது வயசு ஆச்சு, சக்கரை இல்ல, ரத்தக் கொதிப்பு இல்ல. எங்கம்மா தொண்ணூத்தி மூணு வரை இருந்தா.

சரி. அழாத. நான் அழ வைக்கணும்னு சொல்லல. அந்தா பாரு, சன்னல் வழியாத் தெரியுது, ஒன் வீட்டுக்காரர் எந்திச்சி உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு. வயசு நாப்பது இருக்குமா? சின்ன வயசு. என்ன சீக்குன்னு நான் கேக்கல. பொழைச்சாலும் பொழைப்பாரு, எனக்கென்ன தெரியும். ஆனா அவருக்கு எதோ சொல்லணும்னு இருக்கு. போ. பக்கத்துல உக்காரு. நின்னுக்கிட்டுக் கேக்காத, உக்காரு. கஞ்சி வேண்டாம், மாத்திரை வேண்டாம், எதையும் கையில எடுத்துக்கிடாத. அவரு எங்க ஆரம்பிச்சாலும் நடுவுல பேசாத. முழுசாச் சொல்லி முடிக்கட்டும்.

எந்திச்சிட்டியா? நல்லது. போ தாயி.

என்ன? என்ன கேட்ட? கொஞ்சம் சத்தமாச் சொல்லு, பாலு தூக்க வந்த பிள்ளைங்க சத்தத்துல கேக்கல.

அவரு சொல்லி முடிச்ச பொறவு நீ என்ன சொல்லணுமா?

தெரியலையே பிள்ள. நான் அதுவரைக்கும் இருந்து கேட்டதில்லையே.